சோஷியல் செக்யூரிட்டிக்கு ஆன்லைனில் விண்ணப்பிப்பது எப்படி: ஓய்வூதியம், டிஸெபிலிட்டி இரண்டுக்கும்

தொண்ணூறுகளில் ஹெச்-1பி விசாவில் அமெரிக்கா வந்தவர்களில் பலர் இப்போது அறுபதைத் தொட்டுவிட்டார்கள். சம்பளத்தில் ‘ஃபிக்கா’ என்ற வரியாக, சோஷியல் செக்யூரிட்டிக்கென்று 6.2 சதவீதம் பிடித்துக்கொண்டே வந்தார்களே, அது அரசு பென்ஷனாகத் திரும்பி வரும் காலம் இது. விண்ணப்பத்தை சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்தின் எஸ்எஸ்ஏ டாட் கவ் தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். கட்டணம் கிடையாது, ஏஜென்டும் தேவையில்லை. ஓய்வூதியப் படிவத்தை ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஆனால் அதில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு மாதம் ஆயுள் முழுவதும் உங்கள் தொகையைத் தீர்மானிக்கும். நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான டிஸெபிலிட்டிப் படிவத்திலோ, நீங்கள் எழுதும் நாலு வரியை நம்பித்தான் முன்பின் தெரியாத ஒருவர் முடிவெடுப்பார். அதனால் படிவத்தைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டியதைத்தான் இங்கே அதிகம் சொல்லியிருக்கிறேன்.

முதலில், தகுதி உண்டா?

ஓய்வூதியத்துக்கு 40 க்ரெடிட் (வேலை பார்த்த காலத்தை அளக்கும் புள்ளி) வேண்டும். வருடத்துக்கு அதிகபட்சம் 4 க்ரெடிட்தான் சேரும் என்பதால் குறைந்தது பத்து வருட வேலை என்று கணக்கு. 2025-ல் ஒரு க்ரெடிட்டுக்கு 1,810 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். 7,240 டாலர் வந்துவிட்டால் அந்த வருடத்தின் நான்கும் கைக்கு வந்துவிடும். இந்தத் தொகை ஆண்டுதோறும் மாறும். குடியுரிமை இருந்தால்தான் க்ரெடிட் சேரும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை, ஹெச்-1பியில் வேலை பார்த்த வருடங்களும் சேர்த்திதான். எஃப்-1 மாணவராக, ஃபிக்கா பிடிக்காமல் சம்பளம் வாங்கிய காலம்தான் பெரும்பாலும் கணக்கில் வராது.

ஹெச்-4 என்ற துணைவர் விசாவில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கோ கணவருக்கோ சொந்தமாக ஒரு க்ரெடிட்கூட இல்லாமல் போகலாம். அவர்களுக்கும் வழி உண்டு. துணைவரின் முழு ஓய்வூதியத்தில் பாதிவரை ‘ஸ்பௌஸ்’ பலனாகக் கிடைக்கும். ஆனால் சம்பாதித்தவர் முதலில் விண்ணப்பித்திருக்க வேண்டும், வாங்குபவர் இங்கே சட்டபூர்வமாக இருக்கவும் வேண்டும்.

ஊரிலிருந்து கிரீன் கார்டில் வந்த அப்பா அம்மாவுக்குப் பென்ஷன் கிடைக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இங்கே வேலையே செய்யாதவருக்கு ஓய்வூதியம் கிடையாது. ஏழை முதியோருக்கான எஸ்எஸ்ஐ என்பது தனித் திட்டம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அதன் விதிகள் மிகக் கடுமையானவை. 65 வயதாகி, கிரீன் கார்டுடன் ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்திருந்தால் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். வயதான பெற்றோரை வைத்திருக்கும் பிள்ளைகள் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

இன்னொரு விஷயம்: இந்தியாவில் வேலை பார்த்த வருடங்களை இங்குள்ள க்ரெடிட்டுடன் சேர்க்க முடியாது. அதற்கான ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் இடையில் நடைமுறையில் இல்லை.

கணக்கு திறப்பது

‘மை சோஷியல் செக்யூரிட்டி’ என்ற கணக்கை லாகின் டாட் கவ் அல்லது ஐடி டாட் மீ வழியாகத் திறக்க வேண்டும். பழைய யூசர்நேம், பாஸ்வேர்டு 2025 ஜூனோடு நின்றுவிட்டது. ஓட்டுநர் உரிமத்தின் படம், சொந்தப் பெயரில் உள்ள செல்பேசி எண், மின்னஞ்சல் ஆகியவை கையில் இருக்கட்டும். அப்பாவின் கணக்கைப் பிள்ளை திறப்பது, அவர் சம்மதத்தோடு செய்தாலும், விதிப்படி தவறு. பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம். ஆனால் கணக்கு அவருடையதாக, அவர் கையால் திறந்ததாக இருக்க வேண்டும்.

நம்மவர்கள் சிக்கிக்கொள்வது இங்கே பெயரில்தான். ஊரில் ‘க. முருகேசன்’ என்று இருந்தவர் பாஸ்போர்ட்டில் ‘முருகேசன் கந்தசாமி’ ஆகியிருப்பார். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தவருக்கு, விசாவில் முதல் பெயருக்குப் பதில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் ஒரு வரிசை, ஓட்டுநர் உரிமத்தில் வேறு வரிசை. இதெல்லாம் ஒத்துப்போகாமல் கணக்குத் திறப்பதே முட்டி நிற்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையை எடுத்து வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். குடியுரிமை வாங்கும்போது பெயர் மாற்றியிருந்தால், அந்தச் சான்றிதழோடு அலுவலகம் போய் அட்டையை முதலில் திருத்துங்கள். ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னரே இதை முடித்துவிட்டால் கடைசி நேரத்தில் அல்லாட வேண்டியதில்லை. படிவத்தில் ‘வேறு பெயர்கள் பயன்படுத்தியதுண்டா’ என்ற இடத்தில் பழைய வடிவங்கள் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.

சம்பளப் பதிவைச் சரிபாருங்கள்

கணக்கு திறந்ததும் விண்ணப்பத்துக்குப் போகாதீர்கள். வருடவாரியாக உங்கள் சம்பளம் காட்டும் பக்கத்துக்குப் போங்கள். ஓய்வூதியத் தொகை, நாட்டின் சராசரி ஊதிய உயர்வுக்கு ஏற்பச் சீராக்கிய உங்கள் மிக உயர்ந்த 35 வருடச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 22 வருடம்தான் வேலை செய்தீர்கள் என்றால் மீதி 13 வருடம் பூஜ்ஜியமாகச் சேரும். நாற்பது வயதுக்கு மேல் இங்கு வந்தவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் ஒரே ஒரு வருடம் வேலை செய்தாலும் ஒரு பூஜ்ஜியம் போய் ஒரு முழுச் சம்பளம் அந்த இடத்துக்கு வரும்.

ஏதாவது ஒரு வருடம் காலியாக, அல்லது உண்மையைவிடக் குறைவாக இருந்தால் அந்த வருடத்து டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்றுத் தாளைத் தேடி எடுங்கள். கன்சல்டிங் கம்பெனிகளில் அடிக்கடி மாறியவர்களுக்கு, மூடப்பட்டுவிட்ட ஒரு கம்பெனியின் வருடம் விட்டுப்போவது நடக்கிறது. திருத்தக் கோருவதற்குப் பொதுவான காலவரம்பு, அந்த வருடம் முடிந்து 3 வருடம், 3 மாதம், 15 நாள். விதிவிலக்குகள் உண்டு, கேட்டுப் பார்க்கலாம். ஆனால் வருடம் ஒருமுறை பார்த்து வைப்பதுபோல் வராது.

எந்த மாதம் முதல் வாங்குவது?

62 வயதிலிருந்து வாங்கலாம். 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு முழு ஓய்வு வயது 67. அதற்குப் பிறகு தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடத்துக்கும் 8 சதவீதம் கூடும், 70-ல் அது நின்றுவிடும். 67-ல் மாதம் 2,000 டாலர் வரவேண்டியவருக்கு 62-ல் 1,400 டாலர்தான் வரும். 70 வரை பொறுத்தால் 2,480 டாலர். விலைவாசிக்கேற்ற வருடாந்தர உயர்வு இந்த அடிப்படைத் தொகையின் மேல்தான் ஏறும்.

எல்லோரும் 70 வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். உடல்நலம் சரியில்லாதவர், வேறு வருமானம் இல்லாதவர் முன்பே வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒருவர்தான் பெரும்பாலும் சம்பாதித்தவர், மற்றவருக்குச் சொந்தக் கணக்கு சிறியது என்றால், சம்பாதித்தவர் தள்ளிப்போடுவது தமக்காக மட்டுமல்ல. அவர் காலமான பிறகு துணைவர் அந்தப் பெரிய தொகையைத்தான் வாங்குவார். நம் குடும்பங்களில் மனைவி வயதில் இளையவராக இருப்பது வழக்கம். அவர் தனியாக வாழப்போகும் பத்து, பதினைந்து வருடத்தின் வருமானம் இது. இந்த முடிவை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எடுங்கள்.

வேலையை விடாமலே முன்கூட்டி வாங்கினால் ஒரு பிடித்தம் உண்டு. வருட வரம்புக்கு (2025-ல் அது 23,400 டாலராக இருந்தது) மேல் சம்பாதித்தால், மேலே உள்ள ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் நிறுத்திவைப்பார்கள். முழு ஓய்வு வயதை எட்டிய மாதத்திலிருந்து இந்த வரம்பு கிடையாது. அதன் பிறகு, நிறுத்திவைத்த மாதங்களுக்கு ஏற்ப உங்கள் தொகையைத் திரும்பக் கணக்கிட்டு உயர்த்துவார்கள்.

67-ஐத் தாண்டிய பிறகு விண்ணப்பிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆறு மாதம்வரை பின்தேதியிட்டு மொத்தத் தொகையாக வாங்கிக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு வரும். கையில் வரும் பணம் கண்ணைக் கவரும். அதை எடுத்தால் அந்த மாதங்களுக்கான கூடுதல் சதவீதம் நிரந்தரமாகப் போய்விடும் என்பதை அறிந்து தேர்ந்தெடுங்கள். அவசரப்பட்டு விண்ணப்பித்துவிட்டீர்கள் என்றால், அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் ஒரே ஒரு முறை எஸ்எஸ்ஏ-521 படிவம் கொடுத்து வாபஸ் வாங்கலாம். ஆனால் அதுவரை நீங்களும் குடும்பத்தாரும் வாங்கிய அத்தனையையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

மெடிகேர் வேறு, இது வேறு. ஓய்வூதியத்தைத் தள்ளிப்போட்டாலும் 65-ல் மெடிகேருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதுவும் இதே தளத்தில்தான். பிறந்த மாதத்துக்கு மூன்று மாதம் முன், பின் என்று மொத்தம் ஏழு மாத அவகாசம். 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனியில் நீங்களோ துணைவரோ இன்னும் வேலையில் இருந்து, அந்தக் காப்பீடு ஓடிக்கொண்டிருந்தால் மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம். வேலையை விட்ட பிறகு தொடரும் கோப்ரா காப்பீடு இதற்குச் செல்லாது. இது தெரியாமல் தவறவிட்டால் ஒவ்வொரு 12 மாதத் தாமதத்துக்கும் 10 சதவீத அபராதம் ஆயுள் முழுக்கத் தொடரும்.

ஓய்வூதியப் படிவம்

பணம் தொடங்க வேண்டிய மாதத்துக்கு நான்கு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை: உங்கள், துணைவரின் சோஷியல் செக்யூரிட்டி எண்கள், திருமணத் தேதியும் ஊரும், முந்தைய திருமணம் இருந்தால் அதன் விவரம், சென்ற வருடமும் இந்த வருடமும் வேலை பார்த்த கம்பெனிகளின் பெயர், சம்பளம், வங்கியின் ரவுட்டிங் எண், கணக்கு எண். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடர ஒரு எண் தருவார்கள், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ‘ரிமார்க்ஸ்’ என்று ஒரு பெட்டி வரும். எந்த மாதம் முதல் வேண்டும், ஏன் என்பதை அதில் தெளிவாக எழுதுங்கள். படிவத்தில் தட்டியதில் குழப்பம் இருந்தால் அலுவலர் அதைப் பார்த்துக் கூப்பிட்டுக் கேட்பதற்கு அது உதவும்.

பிறப்புச் சான்றிதழ் கேட்கலாம். ஐந்து வயதுக்குள் பதிவான அரசு அல்லது மத ஆவணத்தைத்தான் அவர்கள் முதலில் எதிர்பார்க்கிறார்கள். ஐம்பதுகளில் கிராமத்தில் பிறந்தவர்கள் பலரிடம் பள்ளிச் சான்றிதழ் மட்டுமே இருக்கும். அதிலும் பள்ளியில் சேர்ப்பதற்காக ஆசிரியர் போட்ட தேதி இருக்கும். பாஸ்போர்ட்டிலும் சோஷியல் செக்யூரிட்டிப் பதிவிலும் எந்தத் தேதி இருக்கிறதோ அதையே படிவத்தில் போடுங்கள். பதிவில் இல்லாத தேதியை இங்கே கொண்டுவந்து நுழைத்தால் விண்ணப்பம் மாதக்கணக்கில் நின்றுவிடும். பிறப்புப் பதிவே இல்லையென்றால் ஊராட்சியிலோ நகராட்சியிலோ ‘பதிவு இல்லை’ என்ற சான்றிதழ் வாங்கி, இருக்கும் மிகப் பழைய ஆவணத்தோடு சேர்த்துக் காட்டுங்கள்.

வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழையும் கிரீன் கார்டு போன்ற குடிவரவு ஆவணங்களையும் தபாலில் அனுப்பாதீர்கள். அனுப்ப வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். தொலைந்தால் மறுபடி வாங்குவது பெரும்பாடு. அசலை நேரில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வாருங்கள்.

தமிழ்நாட்டு அரசிலோ மத்திய அரசிலோ வேலை பார்த்து அங்கும் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. முன்பு அப்படிப்பட்ட வெளிநாட்டுப் பென்ஷனுக்காக இங்குள்ள தொகையைக் குறைக்கும் ‘வெப்’ என்ற விதி இருந்தது. 2025 ஜனவரி 5 அன்று கையெழுத்தான சட்டம் அதை நீக்கிவிட்டது. இந்தப் பயத்தில் இதுவரை விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இனி தயங்க வேண்டாம்.

காலமான துணைவரின் பேரில் வாங்கும் பலனுக்கு ஆன்லைன் கிடையாது. 1-800-772-1213 என்ற எண்ணில் கூப்பிட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இலவசம், ‘தமிழ்’ என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

டிஸெபிலிட்டிக்கு விண்ணப்பிப்பது

இதில்தான் அதிகம் பேர் கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நோயால் குறைந்தது 12 மாதமாவது வேலை செய்ய முடியாத நிலை இருக்க வேண்டும், அல்லது உயிருக்கு ஆபத்தான நோயாக இருக்க வேண்டும். பாதி ஊனம், கால்வாசி ஊனம் என்ற கணக்கு இங்கே கிடையாது. 31 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பொதுவாகக் கடைசி பத்து வருடத்தில் ஐந்து வருட வேலை (20 க்ரெடிட்) இருக்க வேண்டும். மொத்த வேலைக் காலத்துக்கு வயதைப் பொறுத்து தனிக் கணக்கு உண்டு. ஆகவே வேலையை விட்டு ரொம்ப நாள் காத்திருந்தால் தகுதியே காலாவதியாகிவிடும். ‘குணமாகிவிடும், பார்ப்போம்’ என்று வருடங்களை ஓட்டாதீர்கள்.

62-ஐத் தாண்டியவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள். நோயால் வேலையை விட்டவர், சுலபமாக இருக்கிறதே என்று ஓய்வூதியம் மட்டும் கேட்டு 30 சதவீதம்வரை குறைவோடு வாங்கத் தொடங்கிவிடுவார். டிஸெபிலிட்டி கிடைத்தால் முழு ஓய்வு வயதுத் தொகையே கிடைக்கும். உடல்நலத்தால் வேலை செய்ய முடியவில்லையா என்ற கேள்வி வந்தால் தாண்டிப் போகாமல் நின்று பதில் சொல்லுங்கள், இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

மருத்துவர்கள், மருத்துவமனைகளின் பெயர், முகவரி, தொலைபேசி, பார்த்த தேதிகள், மருந்துகளின் பெயரும் அளவும், எடுத்த பரிசோதனைகள் எல்லாவற்றையும் முதலில் ஒரு தாளில் எழுதி முடியுங்கள். கடைசி ஐந்து வருட வேலைகளையும் கேட்பார்கள். அதில் பதவிப் பெயரைவிட வேலையின் இயல்பு முக்கியம். எவ்வளவு நேரம் நின்றீர்கள், எவ்வளவு எடை தூக்கினீர்கள், எத்தனை மணி நேரம் திரையைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். சென்னையிலோ மதுரையிலோ சிகிச்சை எடுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியை நீங்களே வாங்கிவந்து சேருங்கள், அது தானாக வந்து சேரும் என்று இருக்காதீர்கள். எஸ்எஸ்ஏ-827 என்ற அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டால்தான் மருத்துவர்களிடமிருந்து ஆவணம் கேட்க முடியும். பிறகு கோப்பு டிஸெபிலிட்டி உண்டா என்று முடிவெடுக்கும், உங்கள் மாநிலத்தின் டிடிஎஸ் அலுவலகத்துக்குப் போகும். போதிய ஆதாரம் இல்லையென்றால் அவர்கள் செலவிலேயே ஒரு மருத்துவரிடம் அனுப்புவார்கள், அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது.

அன்றாட வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்டு ஒரு படிவம் வரும். ‘சமைக்க முடிகிறதா?’ என்ற இடத்தில் நம் பெரியவர்கள் ‘முடிகிறது’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ‘எப்படி இருக்கீங்க’ என்றால் ‘ஏதோ போகுது’ என்று சொல்லியே பழகியவர்கள். கஷ்டத்தை வெளியே சொல்வது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் வேறு. படிக்கிற அலுவலருக்குத் தெரிவது அந்த ஒரு சொல்தான். உண்மையில் நடப்பது என்ன? மகள் காய் நறுக்கி வைத்துவிட்டுப் போகிறாள். இவர் பத்து நிமிடம் நின்றதும் இடுப்பு வலி தாங்காமல் நாற்காலியில் உட்கார்கிறார். குக்கரைத் தூக்க விரல் மடங்குவதில்லை, வாரத்தில் மூன்று நாள் அடுப்புப் பக்கமே போவதில்லை. இதை அப்படியே எழுதுங்கள். எத்தனை நிமிடம், எத்தனை முறை, யார் உதவி, செய்த பிறகு எவ்வளவு நேரம் படுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். மனச்சோர்வு, பயம், தூக்கமின்மை இருந்தால் அதையும் எழுதுங்கள். மறைத்தால் பாதிக்கப்படுவது நீங்கள்தான்.

முடிவு வர ஆறு முதல் எட்டு மாதம் ஆகலாம். அனுமதித்தாலும் முதல் ஐந்து முழு மாதங்களுக்குப் பணம் இல்லை. ஜனவரி 15-ல் நோய் தொடங்கியதாக ஏற்றுக்கொண்டால் ஜூலைதான் முதல் மாதம், பணம் ஆகஸ்டில் வரும். மெடிகேர் அதற்கு 24 மாதம் கழித்து. ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு இந்த இரண்டு காத்திருப்பும் கிடையாது.

மறுத்துக் கடிதம் வந்தால் புதிதாக விண்ணப்பம் போடாதீர்கள். 60 நாளுக்குள் ஆன்லைனிலேயே மேல்முறையீடு செய்யுங்கள். மறுபரிசீலனை, நீதிபதி முன் விசாரணை, அப்பீல்ஸ் கவுன்சில், ஃபெடரல் நீதிமன்றம் என்று நான்கு படிகள் உண்டு. முதல் முறை மறுக்கப்பட்டு விசாரணையில் ஜெயித்தவர்கள் ஏராளம். வக்கீல் வைத்தால் பெரும்பாலும் முன்பணம் கேட்கமாட்டார். ஜெயித்தால் நிலுவைத் தொகையில் 25 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு.

பணம் வரத் தொடங்கிய பிறகு

ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம்தான் வரும். பிறந்த தேதி 1 முதல் 10 என்றால் இரண்டாவது புதன், 11 முதல் 20 என்றால் மூன்றாவது புதன், மற்றவர்களுக்கு நான்காவது புதன். வேறு வருமானம் இருந்தால் இதில் 85 சதவீதம்வரை வருமான வரிக்கு உட்படலாம். டபிள்யூ-4வி படிவம் கொடுத்தால் முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள்.

‘உங்கள் எண் முடக்கப்பட்டுவிட்டது, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லுங்கள்’ என்று யாராவது கூப்பிட்டால் அது மோசடி. பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள்.

ஊரோடு போய்விடுவதாக இருந்தால், அமெரிக்கக் குடிமகனுக்கு இந்தியாவிலும் பணம் தொடர்ந்து வரும். கிரீன் கார்டோடு இந்தியக் குடிமகனாகவே இருப்பவர், சொந்தமாக 40 க்ரெடிட் சம்பாதித்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலும் வாங்கலாம். அவரைச் சார்ந்து வாங்கும் மனைவிக்கு ஐந்து வருடம் இங்கே மனைவியாக வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. குடிமகனாக இல்லாமல், வரிக்கணக்கில் இங்கு வசிக்காதவராகவும் ஆகிவிட்டால், பெரும்பாலும் 25.5 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். மெடிகேர் இந்தியாவில் செல்லாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ‘உயிரோடு இருக்கிறீர்களா, முகவரி இதுதானா’ என்று கேட்டு எஸ்எஸ்ஏ-7162 என்ற படிவம் தபாலில் வரும். அதை நிரப்பித் திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். எனவே கிளம்புவதற்கு முன் ஊர் முகவரியைப் பின்கோடு, பக்கத்து அடையாளம் எல்லாவற்றோடும் பதிவில் ஏற்றி, கடிதம் வந்தால் உடனே எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.